கத்தியை எடுத்தவள்

கண்காட்சிச் சுவரில் மாட்டியிருந்த என் படத்துக்குக் கீழே ஓர் அட்டை. மூன்று முறை படித்தேன். "பாரிஸ், 1976. பெண்ணின் கையில் கத்தியைக் கொடுத்த முதல் ஃபேஷன் புகைப்படக்காரர் ஆர்மான் தெக்ரூ. மாடலின் பெயர் வெளியிடப்படவில்லை."

அந்த மாடல் நான்தான். ஒடீல்.

அந்தப் படம் எடுத்த அன்று விடிகாலை லா வில்லெத் பக்கம் ஒரு கசாப்புக் கடையில் படப்பிடிப்பு. கொக்கிகளில் மாட்டு விலாக்கள் தொங்கின. எனக்குப் பச்சைப் பட்டு கவுன். ஆர்மான் என்னை வெட்டுமேடையில் படுக்கச் சொன்னார். அவர் படங்களே அப்படித்தான். பார்ப்பவன் ஒன்று கவுனை வாங்க வேண்டும், இல்லை கல்லெறிய வேண்டும். ஒன்பது படம் எடுத்தார். எனக்கு முதுகு மரத்துப்போனது.

"இன்னும் கொஞ்சம் செத்த மாதிரி படு," என்றார்.

"நான் என்ன கறியா? கிலோ என்ன விலைன்னு எழுதிக் கழுத்துல மாட்டிடுங்களேன்!"

இறங்கினேன். கடைக்காரர் கையிலிருந்த வெட்டுக்கத்தியைப் பிடுங்கிக்கொண்டு மேடைமேல் ஏறி உட்கார்ந்து ஆர்மானை முறைத்தேன். அவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டிக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.

அந்தப் படம்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது. அதை வெளியிட்ட பத்திரிகை அலுவலகத்தின் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். ஆர்மான் பேட்டிக்குப் பேட்டி, "அவ கையில கத்தியைக் கொடுத்ததே நான்தான்," என்றார். நான் எழுதிய மறுப்புக் கடிதம் ஒன்றுகூட அச்சாகவில்லை. அவர் இறந்த பிறகு பாதிப் பேர் அவரை மேதை என்றார்கள், பாதிப் பேர் மிருகம் என்றார்கள். என்னைத் தேடி வந்தவர்களுக்கும் இதில் ஒன்றை என் வாயால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டுக்குமே அவர் பொருத்தமானவர்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

கண்காட்சியை அமைத்த கிளெமான்ஸ், திறப்புக்கு ஒரு வாரம் முன்பே பார்க்கட்டும் என்றுதான் என்னை அழைத்திருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"என் பேரை ஏம்மா மறைச்சீங்க?"

"உங்க மேல உள்ள மரியாதையிலதான் மேடம். நீங்க பாதிக்கப்பட்டவங்க."

"பாதிப்பெல்லாம் இருக்கட்டும். கத்தியை எடுத்தது நான். அதை எழுதுங்க."

"ஆதாரம் ஏதாவது இருக்கா?"

ஆதாரம் ஆர்மானின் மனைவி மிரேயிடம் இருந்தது. அவளும் மாடலாக இருந்தவள்தான். ஒரு காலத்தில் நானும் அவளும் ஒரே அறையில் குடியிருந்தோம். மறுநாளே அவள் வீட்டுக்குப் போனேன். அன்றைய ஃபிலிம் சுருளின் படங்கள் எல்லாம் தீப்பெட்டி அளவில் அச்சான தாள் ஒன்றை எடுத்து வந்து மேசையில் போட்டாள். முதல் ஒன்பது படங்களில் நான் பிணம்போலக் கிடந்தேன். பத்தாவது கலங்கியிருந்தது: என் முதுகு, கத்தியைப் பிடுங்கும் என் கை, வாயைப் பிளந்து நிற்கும் கடைக்காரர். பதினொன்றாவது உலகம் அறிந்தது.

"இதைக் குடு, மிரேய்."

"குடுத்துட்டு? அவர் இத்தனை வருஷம் சொன்னது பொய்னு நானே ஊருக்குச் சொல்லவா? அவர் பேர்ல நடக்குற அறக்கட்டளையே அந்த ஒரு வரியிலதான்டி நிக்குது."

"அப்ப உனக்குத் தெரியும்."

"முதல் வாரமே தெரியும். காப்பி ஆறுது, குடி."

குடிக்கவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

திறப்பு விழாவில் கிளெமான்ஸ் பேசி முடித்ததும் எழுந்து போய் ஒலிவாங்கியை எடுத்தேன். கசாப்புக் கடையை, ஒன்பது படங்களை, பிடுங்கிய கத்தியைச் சொன்னேன். கூடம் முழுக்கக் கைதட்டல். பட்டுக் கழுத்துத்துணி கட்டிய ஒருவர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார்.

"பிரமாதம் மேடம்! ஆர்மான் உங்களை எப்படித் தயார் பண்ணியிருக்கார் பாருங்க. இன்னும் அந்த நெருப்பு அணையலையே!"

கையை உதறி விடுவித்துக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த மிரேய் மட்டும் கைதட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அட்டையை மாற்றினார்கள். மாடல்: ஒடீல். அவ்வளவுதான். கத்தியைக் கொடுத்தவர் ஆர்மான் என்ற மேல்வரி அப்படியே இருந்தது. கிளெமான்ஸை அழைத்தேன், கூட்டத்தில் இருக்கிறாள் என்றார்கள். மறுபடி அழைத்தேன். கண்காட்சி இன்னும் நான்கு மாதம் நடக்கும். தினமும் அழைக்கிறேன்.