டாக்டர் குழந்தைசாமிக்குப் பெய்த மழை

1957-ஆம் வருடம் ஆனி மாதம், செவ்வாக்குளம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தைசாமி ஒரு நோயாளியை டானிக் வாங்கிக் குடிக்கச் சொன்னபோது அவர் தலைமேல் மழை பெய்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். மழை அவருடைய நாற்காலியையும் மேசையையும் மட்டும் நனைத்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நோயாளியின் முழங்காலில் கொஞ்சம் சாரல் அடித்தது, அவ்வளவுதான். கூரை ஒழுகுகிறது என்று முடிவுகட்டி ஓடு மாற்றினார்கள். மறுநாள் இன்னொருவருக்கு டானிக் சொன்னார், புது ஓட்டுக்குக் கீழேயும் பெய்தது. மேசையைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டார்கள். அங்கேயும் ஒரு மேகம், கயிற்றுக் கட்டில் அகலம் இருக்கும், கிளைக்கும் அவருடைய வழுக்கைத் தலைக்கும் நடுவில் வந்து நின்று, வந்த வேலையை முடித்துக்கொண்டு போயிற்று.

செவ்வாக்குளம் குன்றாண்டார்கோவிலிலிருந்து நடந்து போகிற தூரம். மழையை நம்பி விதைத்து, மழையைத் திட்டிக்கொண்டே அறுக்கிற ஊர். சமஸ்தானம் போய் இந்திய யூனியனோடு சேர்ந்த 1948-இல் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர் குழந்தைசாமி. நல்ல மனிதர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலரா வந்த வருடம் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்க் கிணறுகளுக்கு மருந்து போட்டவர். அவருக்குக் கல்யாணம் ஆனபோது பெண் வீட்டார் நகை குறைகிறதே என்று சங்கடப்பட்டு, அதற்கு ஈடாகப் பெண்ணின் அண்ணன் வெள்ளைச்சாமி நடத்திய டானிக் கம்பெனியில் பாதியைச் சீராக எழுதி வைத்தார்கள். டானிக்குக்கும் பெண்ணின் பெயரையே வைத்தார்கள்: முத்துமாரி டானிக். அம்மன் பெயராகவும் இருந்ததால் பாட்டிலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் குடிப்பவர்களும் உண்டு. மதுவிலக்கு கறாராக இருந்த காலம் அது. டானிக் தொண்டையில் இறங்கும்போது ஒரு காரம் காட்டும், கொஞ்ச நேரத்தில் உடம்பு வலி மறந்து போகும், அதனால் அதற்கு எப்போதும் நல்ல பெயர்தான்.

அந்த வருடம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலோடு இறங்கிய காய்ச்சல், ரயிலேறித் திருச்சி வந்து, பஸ் பிடித்து விராலிமலை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் செவ்வாக்குளம் வந்து சேர்ந்தது. கப்பல் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு இரண்டு பேர் சுருண்டு படுத்தார்கள். குழந்தைசாமி சிலருக்கு ஆஸ்பத்திரி மிக்ஸ்சர் மருந்து கொடுத்தார், சிலரைக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கச் சொன்னார். அப்போதெல்லாம் ஒரு சொட்டு விழவில்லை. சிலருக்கு டானிக் சொன்னார், சட்டை பிழியப் பிழிய நனைந்தது. டீக்கடையில் உட்கார்ந்து ஊர் இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தது. டாக்டர் வீட்டுக்கு எதில் வரும்படியோ அதைச் சொன்னால் மழை, வரும்படி பெரிதென்றால் மழையும் பெரிது. அதற்குப் பிறகு யாரும் ஆச்சரியப்படவில்லை. டானிக் வேண்டியவர்கள் குடையோடு வந்தார்கள்.

குழந்தைசாமிக்கு மட்டும் விளங்கவில்லை. டானிக் கெடுதல் என்று அவர் நினைக்கவில்லை. நல்லது என்றே பாதி நம்பினார். முழுதாக நம்பிவிட்டால் மழை நின்றுவிடும் என்று எண்ணி, டானிக் குடித்துத் தேறியவர்களை ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவந்து, மனசாரச் சொல்லிப் பார்த்தார். மனசார நனைந்தார். மழைக்கு அவருடைய நம்பிக்கையைப் பற்றி அக்கறை இல்லை, டானிக்கின் குணத்தைப் பற்றியும் இல்லை. அவர் வாயில் வருகிற யோசனை அவர் வீட்டு அரிசிப் பானைக்கும் போகிறதா என்பதை மட்டும் அது பார்த்தது.

செய்தி மேலிடத்துக்குப் போய், விசாரிக்க மூன்று நிபுணர்கள் காரில் வந்தார்கள். முதலாமவர், மலையடிவாரத்துக் காற்றில் ஈரம் உறைவதுதான் காரணம், டாக்டர் மேல் குற்றமில்லை என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் மேல் தூறல் போட்டது. வெள்ளைச்சாமியின் கம்பெனித் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கிப் பட்டுச் சால்வையும் வெள்ளித் தட்டும் வாங்கியவர் அவர். இரண்டாமவர் கொதித்துப் போய், இந்த மாதிரி டாக்டரை உடனே வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்றார். அவர் மேல் ஆலங்கட்டியே விழுந்தது. அந்த இடத்துக்கு வரத் தன் மருமகனைத் தயாராக வைத்திருந்தாராம். மூன்றாமவர் மட்டும் "எனக்கு ஒண்ணும் புரியலைங்க" என்று சொல்லிவிட்டு, காய்ந்த சட்டையோடு காரில் ஏறினார். அவர் அறிக்கையை யாரும் மதிக்கவில்லை.

ஆடி பிறந்தும் வானம் திறக்கவில்லை. பெரிய கண்மாயில் மாடு மேய்ந்தது. அப்போதுதான் மலையாண்டிக்கு அந்த யோசனை வந்தது. கண்மாயை ஒட்டி நிலம் வைத்திருந்த இளவட்டம், பேச்சில் கெட்டிக்காரன். ஒரு மேசையளவு மழை பெய்ய வைக்கிற மனிதரைக் கண்மாய்க் கரையில் நிறுத்தினால் என்ன என்று கேட்டான். டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தி, டானிக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. வாங்குகிற எண்ணம் யாருக்கும் இல்லாததால் அவருக்கு வரும்படி இல்லை, வரும்படி இல்லாததால் மழை இல்லை. மழையை ஏமாற்ற முடியாது என்று தெரிந்ததும் ஊர் கூடிப் பேசி, வீட்டுக்கு வீடு வாங்குவது என்று முடிவு செய்தது. மறுபடி பேசினார். கண்மாயின் கால்வாசி அகலத்துக்கு ஒரு மேகம் வந்து, மடை வாய் நனையும்வரை கொட்டியது. குலவை போட்டார்கள். நனைந்த டாக்டருக்கு மாலை போட்டார்கள்.

வாங்கிய டானிக்கைக் கொட்டவா முடியும்? குடித்தார்கள். காய்ச்சலோடு குடித்தவர்களுக்கு உடம்பு தேறிவிட்ட மாதிரி தோன்றியது. படுக்கையைச் சுருட்டிவிட்டு வயலுக்கு இறங்கினார்கள். அப்படி ஏர் பூட்டப் போன ராக்கன் நெஞ்சில் சளி கட்டி, இழுத்து இழுத்து மூச்சுவிட்டு நாலாம் நாள் செத்துப்போனான். காய்ச்சலே அவனைக் கொண்டுபோயிருக்கும் என்றார்கள் சிலர். விதி என்றார்கள் சிலர். குழந்தைசாமி பாடைக்குப் பின்னால் சுடுகாடுவரை நடந்தார், சோறு இறங்காமல் கிடந்தார். அவருடைய ஈரச் சட்டைகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம், கம்பெனிப் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"சீரைத் திருப்பிக் குடுக்கிறதா? எங்க அண்ணன் மொகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?" என்றாள் முத்துமாரியம்மாள். அவர் பேச்சை விட்டுவிட்டார். கோழைத்தனம்தான், ஆனால் அந்தப் பக்கத்தில் பெண்டாட்டி வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பிய ஆண்பிள்ளை அதுவரை ஒருவரும் இல்லை.

ஆவணியில் நாற்று முற்ற ஆரம்பித்தது. இன்னும் ஒரே ஒரு பெரிய மழை, கண்மாய் நிரம்பிவிடும், நடவு முடிந்துவிடும். மலையாண்டி சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்த்துக்கொண்டான். வெள்ளைச்சாமிக்கு ஆள் போயிற்று. லாரி நிறையப் பெட்டிகளோடு அவரே வந்து இறங்கினார். கரை கொள்ளாத கூட்டம். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு மேகம் வந்து காத்திருந்தது, கண்மாயின் இந்தக் கோடிக் கலிங்கிலிருந்து அந்தக் கோடிக் கலிங்குவரை, கறுப்பாக, கைக்கெட்டுகிற உயரத்தில். பெண்கள் குடத்தோடு வந்திருந்தார்கள்.

கேள்வி கேட்க ஒரு நோயாளி வேண்டும். மலையாண்டி தன் மனைவி ராசாத்தியையே கூட்டி வந்திருந்தான். அவளுக்கு உண்மையிலேயே காய்ச்சல், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. கண் சிவந்து, உதடு வெடித்து, நிற்க முடியாமல் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, இதைக் குடிச்சிட்டு நான் நாளைக்கு நடவுக்கு எறங்கலாமாங்க?" என்று கேட்டாள். இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருந்தது. அவள் அதோடு நிறுத்தவில்லை. "ராக்கன் மாமா மாதிரி ஆயிராதுல்ல? ஒங்க வாயால சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

குழந்தைசாமி மேகத்தைப் பார்த்தார். முற்றிப்போன நாற்றங்காலைப் பார்த்தார். அவர் நெற்றியில் முதல் துளி தயாராக நின்றது என்று பக்கத்தில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

"வேணாம் தாயி. குடிக்காத. இது நோவை மறக்கடிக்கும், தீர்க்காது. வீட்டுக்குப் போயி கஞ்சித் தண்ணி குடிச்சிட்டுப் படுத்திரு. காச்ச விட்டு ஒரு வாரத்துக்கு வயப்பக்கம் போகாத" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாருக்குந்தான் சொல்றேன். யாரும் வாங்காதீங்க."

மேகம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. அப்புறம் கிழக்கே நகர்ந்தது. பையன்கள் கல்லெறிந்துகொண்டு பின்னால் ஓடினார்கள். அது நிற்கவில்லை, கட்டுமாவடிக்கு அப்பால் கடலில் போய்க் கொட்டிவிட்டதாகவும், அங்கே காயப் போட்ட கருவாடு நனைந்து மீன்காரர்கள் மண்ணை வாரித் தூற்றியதாகவும் பிறகு கேள்விப்பட்டார்கள்.

மலையாண்டி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒரு வார்த்தைதானங்கய்யா! சத்தமாக் குடின்னு சொல்லிட்டு, அவ காதுல மட்டும் வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"மத்தவங்க காதுல யாருப்பா சொல்றது?" என்றார் குழந்தைசாமி.

நாற்று கருகியது. அந்த மார்கழியில் செவ்வாக்குளத்தில் பாதி வீடுகளைப் பூட்டிவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு வேலைக்குப் போனார்கள். கூட்டம் கலைந்த அன்று சாயங்காலமே முத்துமாரியம்மாள், புருஷன் கேட்காமலே, கம்பெனிப் பாதி தனக்கு வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். ராசாத்தி நின்ற கோலத்தை அவளும் கரையிலிருந்து பார்த்திருந்தாள். வெள்ளைச்சாமி அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கரும்புகூட வரவில்லை. அவள் அழுததை ஊர் அறியும். டாக்டரின் சட்டை அதோடு நனைவது நின்றது. ஊர் அவரை மன்னித்தது என்று சொல்ல முடியாது. அவர் எதிரே வந்தால் மலையாண்டி மறுபக்கம் திரும்பிக்கொண்டு நடந்தான், வருடக் கணக்காக.

ஆனால் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த காலத்தில் செவ்வாக்குளத்துக்கு உரம் விற்க வந்தவர்களையும் பம்புசெட் யோசனை சொல்ல வந்தவர்களையும் கண்மாய்க்குள் நிறுத்தித்தான் பேசச் சொன்னார்கள். அவர்களும் வழக்கம் போலிருக்கிறது என்று நின்று பேசினார்கள். சில வருடங்கள் கண்மாய் அதிலேயே அரைவாசி நிரம்பியது. மாட்டு வைத்தியர் ஒருவர் பேசியதில் ஒரு போக உளுந்து விளைந்தது.

1963 சித்திரையில் ராசாத்தியின் மகள் அழகிக்கு, அன்று வயிற்றில் இருந்த பிள்ளைதான், காய்ச்சல் கண்டு மூச்சு முட்டியது. விராலிமலையில் தனி டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பக்கத்து நர்சிங் ஹோமில் ஒரு மாதம் வைத்தால்தான் பிழைக்கும் என்றார். சொல்லும்போதே அவர் மூக்குக் கண்ணாடி நனைந்தது. மலையாண்டி பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ராசாத்தியோடு பஸ் ஏறி, கடைசியில் செவ்வாக்குளம் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வந்து நின்றான். தாடியெல்லாம் நரைத்திருந்த குழந்தைசாமி குழலை வைத்துப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"ஊசி இங்கயே இருக்கு, காசு வேணாம். ஒரு வாரம் போடுவோம். பொழைச்சுக்கும்னுதான் நெனைக்கிறேன்" என்றார்.

மழைக்கு நோயைப் பற்றி எதுவும் தெரியாது, டாக்டரும் தவறக்கூடியவர் என்பது மலையாண்டிக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அண்ணாந்து பார்த்தான். மூன்று வருடமாகக் காய்ந்த வானம், வெள்ளை வெளேர் என்று, ஒரு பொட்டு மேகம் இல்லாமல் எரிந்தது. கையை நீட்டி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பிள்ளையை மடியில் வைத்திருந்த ராசாத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு சொட்டு இல்ல புள்ள" என்றான். "நல்லாக் காயுது."