அவசரத் தண்ணீர்

1

கிள்ளான் ஆற்றின் மேல் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. 1932இல், மலாயாவில், கிள்ளான் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டானிஸ்லாஸ், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், தன் மனைவி பிலோமினாவைப் பற்றிச் சொன்னது. நான் எழுத மட்டும் செய்கிறேன்.

2

தொடக்கம்: ‘கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மழை கொட்டிக்கொண்டிருந்த…’

(விட்டுவிட்டேன். இங்கே மழை பெய்யாவிட்டால்தான் சேதி.)

வேறு தொடக்கம்: ரயில்வே குவார்ட்டர்ஸில் பிலோமினாவுக்குப் பெண் பிறந்தது. குழந்தையின் வயிற்றுக்குள் டுரியான் பழம் அளவு கட்டி. (சரி, சின்ன மங்குஸ்தீன் பழம் அளவு.) ஈரலும் வீங்கிவிட்டது, கத்தி வைக்க முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் கைகழுவிவிட்டார்.

3

ஸ்டானிஸ்லாஸின் அக்காள் பெர்னடெட் டம்ளரில் தண்ணீரோடு வந்துவிட்டாள். கத்தோலிக்க வேதக்காரர் வழக்கம் அது: சாகக் கிடக்கும் பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டாம், வீட்டிலேயே யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அந்த டம்ளரைப் பார்க்கப் பார்க்கப் பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையாட்டினால், போய் வா மகளே என்று அவளே பச்சைக்கொடி காட்டியதாக ஆகிவிடாதா?

“அடம் பிடிக்காதடி. ஆத்துமாவை நினைச்சுப் பாரு.”

“அவசரத் தண்ணி போற பிள்ளைக்கு. இவ எங்கயும் போகல. தாகமா இருந்தா நீங்க குடிங்க அண்ணி.”

பெர்னடெட் தம்பியைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

4

இந்த இடத்தில் என் எழுத்தாளப் புத்தி வேலை செய்தது. ‘விடிந்தபோது குழந்தையின் கால்கள் சில்லி—’

பிலோமினா என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியவரே, கண்ணீர் வேணும்னா வெங்காயம் உரிங்க. எம்பிள்ளையைத் தொடாதீங்க.”

5

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். கட்டி சுருங்கியது. மருந்தில்லை, பச்சிலையில்லை, நேர்ச்சைகூட இல்லை. (பிறந்த குழந்தைகளின் சில கட்டிகள் இப்படித் தாமாகவே கரைவதுண்டு. ஏனென்று மருத்துவர்களுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?) டாக்டர் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வேறு யார் பிள்ளையையோ தூக்கி வந்துவிட்டாயா என்று கேட்டாராம்.

அதன்பிறகுதான் பிலோமினா பட்டுச்சட்டை தைத்து, பலகாரம் சுட்டு, சாவகாசமாகக் கோயிலுக்குத் தூக்கிப்போய், சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கி, உர்சுலா என்று பேர் வைத்தாள்.

6

நம்பமாட்டீர்கள். முடிவை உங்களிடமே விடுகிறேன், எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். பிள்ளையைச் சாகடிப்பதென்றால் மட்டும் பிலோமினாவிடம் நீங்களே போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் வரமாட்டேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: எனக்கு இதையெல்லாம் சொன்ன ஸ்டானிஸ்லாஸ் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.