பிந்தி ஓடிய படம்

பிரேத வண்டி வீதி முனையில் திரும்பி மறைந்ததும் பெண்கள் வாசல் படலையடியிலிருந்து வீட்டுக்குள் திரும்பினார்கள். பிரியங்கினி மட்டும் அங்கேயே நின்றாள். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. அப்பா வேலாப்போடியோடு அவள் போகக்கூடிய தூரம் அந்தப் படலை வரைதான். அப்பாவின் தங்கை கனகமணி மாமி வந்து தோளைப் பிடித்து அழைத்துப் போனாள். ஆண்கள் திரும்பி வருமுன் வீடு கழுவ வேண்டும்.

படமெடுக்கும் றுவைஸ் சவப்பெட்டியோடு போயிருந்தார். கிண்ணியாவிலிருந்து கலியாண வீடுகளுக்கு வருகிறவர். சுவிஸில் இருக்கும் தம்பி இராகுலன் நேரலையில் பார்ப்பதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். தம்பிக்கு அங்கே விசா வழக்கு முடியவில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. செத்த வீட்டில் கமராவா என்று மாமி முகத்தைச் சுழித்தாள். பிறகு கொண்டையைச் சரிசெய்துகொண்டு வந்து தலைமாட்டில், கமராவுக்கு நேரே இருந்தாள். றுவைஸ் காலையிலேயே விளங்கப்படுத்தியிருந்தார்: படம் எடுபட்டுக்கொண்டிருக்கும்போதே அதைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கலாம், அதற்காக எடுப்பது நிற்காது. பிரியங்கினி தலையாட்டினாளே தவிர, அது அவளுடைய மண்டையில் ஏறவில்லை.

விறாந்தைக் கதிரையில் அமர்ந்து போனில் நேரலையைத் திறந்தாள். வண்டி கடற்கரை வீதியால் போய்க்கொண்டிருந்தது. அப்பா காலமெல்லாம் மூதூர்ப் படகைக் கயிறு போட்டுக் கட்டிய இறங்குதுறை ஒரு கணம் வந்து போனது. அந்த நேரம் பார்த்து இராகுலன் கூப்பிட்டான்.

"அக்கா, வேலையால ஓடி வந்து லப்டொப்பில பார்த்துக்கொண்டிருக்கிறன். வாய்க்கரிசி போடத் தொடங்கிட்டியள் போல. என்ர பேரிலயும் ஒரு பிடி போட்டுவிடுங்கோ. பெட்டி மூட முதல்."

அவளுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அவனுடைய பக்கத்திலிருந்து பறைச் சத்தம் கேட்டது. தேவாரம் கேட்டது. அதற்கு மேலே ஒருத்தி குழறி அழுவது கேட்டது. அது அவளுடைய குரல்தான். றுவைஸ் சொன்னது இப்போதுதான் விளங்கியது: பிந்தித் திறந்தவனுக்குப் படம் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. அதுதான் இப்போது நடக்கிறது என்று நம்பியிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை அப்பா இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஓம் தம்பி, போடுறன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. இது சும்மா சொல்லித் தப்புகிற கதையில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டி மூடுவதை அவன் தன் கண்ணாலேயே பார்ப்பான். அவன் பேரில் யாரும் அரிசி போடவில்லை என்பதும் தெரிந்துவிடும். தகப்பனுக்கு வாய்க்கரிசி போடாதவன் என்ற குறையோடு, அக்கா பொய் சொன்னாள் என்பதும் சேர்ந்துகொள்ள, அவன் அங்கே தனியே இருப்பான். அந்த நேரத்தில் அவனை நினைக்காமல் போனேனே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அழைப்பை ஸ்பீக்கரில் விட்டு, தன் போனில் படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். அவனுடைய பக்கத்து அழுகையும் தன் போனிலிருந்த அழுகையும் ஒன்றாகும் வரை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துப் பார்த்தாள்.

படத்தில் பெண்கள் வரிசையாக வந்து கிண்ணத்திலிருந்து அரிசி எடுத்துப் போட்டார்கள். அவளும் போட்டாள். கொள்ளி வைக்க நின்ற தயா மச்சான் பெட்டி மூடியைத் தூக்கினான்.

"இன்னும் போடேல்லையே அக்கா" என்றான் இராகுலன், மெதுவாக.

படத்தில் மாமி அவளைப் பின்னுக்கு இழுத்தாள். படத்திலிருந்தவள் மாமியின் கையை உதறினாள். மூடியோடு நின்ற தயாவை விலக்கி, கிண்ணத்தில் மறுபடியும் கை வைத்து ஒரு பிடி அள்ளினாள். குனிந்து அப்பாவின் வாயில் வைத்தாள். கழுத்துப் பக்கம் சிந்தியதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தாள்.

பிரியங்கினிக்கு இதில் ஒன்றுமே ஞாபகமில்லை. அந்தக் கை எதற்காகத் திரும்பிப் போனது என்று இப்போது கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது.

இராகுலன் அழுதான். நெடுநேரம் அழுதான் போலிருந்தது. படத்தில் அவள் இன்னும் பெட்டியடியில்தான் குனிந்திருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காணும், போதும் அக்கா. இனி மூடச் சொல்லுங்கோ" என்றான்.

உள்ளே மாமி கூடத்தில் வாளித் தண்ணீரை ஊற்றினாள். பூவும் அரிசியும் விறாந்தை வழியே மிதந்து வந்து, பிரியங்கினியின் காலடியால் முற்றத்தில் இறங்கின.

"ஓம் தம்பி" என்றாள்.

தயா குனிந்து மூடியை வைத்தான்.