கடலோரக்காரன் போட்ட அஞ்சு ஸ்டார்

மஜீது பாய்க்கு மனிதர்கள் நேரில் வந்து சொல்லும் எதிலும் நம்பிக்கை கிடையாது. அதையே முன்பின் தெரியாத ஒருவன் நெட்டில் எழுதி, பக்கத்தில் அஞ்சு ஸ்டார் போட்டுவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார். ராயபுரத்தில், கப்பலில் வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவர் சீனியர் கிளார்க். ஆபீசுக்கு நெட் வந்த நாளிலிருந்து மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. செருப்பு வாங்க வேண்டுமா, குக்கர் வாங்க வேண்டுமா, மத்தியானம் சாப்பிட்ட கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரிவ்யூ படிப்பார். ஒருமுறை எலிப்பொறிக்கு ரிவ்யூ தேடினார். கனடாவில் ஒரு பெண்மணி அந்தப் பொறியை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்திருந்தாளாம். கனடா எலிக்கும் நம்ம கல்மண்டபத்து எலிக்கும் ஒரே புத்தியா என்று கேட்டாள் அவர் மனைவி அஜீசா. அதற்கு அவர் முறைத்ததோடு சரி.

சரி, எலி போகட்டும். இது பெற்ற மகள் விஷயம்.

2009 ஏப்ரலில் மகள் கௌசர் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். மாசக் கடைசியில் ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. நாற்பது கழியும்வரை தாயும் பிள்ளையும் இங்கேதான் இருக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் மீஞ்சூர்ச் சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே மனசு ஒப்பவில்லை. அவர்கள் வீடு நாலு பக்கமும் ஜன்னலோடு காற்றாட இருக்கும். மஜீதின் வீடோ மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி, நடு போர்ஷன். இருப்பது ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்.

ஆஸ்பத்திரியிலேயே மருமகன் தௌசீஃப் மெதுவாக ஆரம்பித்தான். "மாமு, அக்னி நட்சத்திரம் வருது. வெயிலு தாங்கலன்னா ஒரு போன் அடிங்க, நாங்க இட்டுகினு போயிடறோம். தப்பா நெனச்சுக்காதீங்க."

மஜீது தப்பாகத்தான் நினைத்தார். மகளையும் பேத்தியையும் நாற்பது நாள் வைத்துப் பார்க்க வக்கில்லாதவன் என்றா சொல்கிறான் இந்தப் பொடியன்? இருக்கட்டும். பேத்தியைக் குளுகுளுவென்று வைத்திருந்து, நாற்பது முடிந்து நானே கொண்டுபோய் விடுகிறேன், அப்போது பார்க்கட்டும் என்று கறுவிக்கொண்டார்.

ஏசி மாட்டலாம் என்றால் வீட்டு ஓனர் அருள்பிரகாசம் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "பாய், இந்த ஒயருக்கு உங்க ஃபேனே ஜாஸ்தி. ஏசி போட்டா மூணு மாடியும் கருகிப்பூடும்."

அப்போதுதான் நெட்டில் அந்த ஏர்கூலர் கண்ணில் பட்டது. இடுப்புயரப் பெட்டி. அடியில் தண்ணீர்த் தொட்டி, மூன்று பக்கமும் புல் தட்டி, நடுவில் பெரிய ஃபேன். ஈரத் தட்டி வழியாக உள்ளே இழுக்கும் காற்றைக் குளிரவைத்து முன்பக்கம் தள்ளும். நூற்றுச் சொச்சம் பேர் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஜெய்ப்பூர்க்காரர் ஒருவர் மே மாசத்தில் கம்பளி போர்த்திக்கொண்டாராம். நாக்பூரில் ஒரு அம்மாள் வீட்டிலிருந்த ஏசியையே விற்றுவிட்டாளாம். பிக்கானீரில் ஒருவருக்கு ஜலதோஷமே பிடித்துவிட்டது, அந்த சந்தோஷத்தில் அவரும் அஞ்சு ஸ்டார் போட்டிருந்தார். கொச்சியிலிருந்து ஒருத்தன் மட்டும் 'வீடெல்லாம் நசநசவென்று ஆகிவிட்டது, வாங்காதீர்கள்' என்று ஒற்றை ஸ்டாரோடு அழுதிருந்தான். அதன் கீழே, 'இந்தக் கருத்து உங்களுக்கு உபயோகமாக இருந்ததா?' என்று ஒரு கேள்வி. பன்னிரண்டு பேர் இல்லை என்று அமுக்கியிருந்தார்கள். மஜீது பதிமூன்றாவது ஆளாக அமுக்கினார்.

அவர் போட்ட கணக்கு ரொம்ப சுத்தம். நெருப்பாய்க் காய்கிற ஊரிலேயே இப்படிக் குளிர்ந்தால், கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டிருக்கும் ராயபுரத்தில் எப்படிக் குளிரும்! காய்ந்த காற்றைத்தான் அந்தப் பெட்டியால் குளிரவைக்க முடியும், ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய கடற்காற்றை இன்னும் நனைத்தால் சொதசொதவென்றுதான் ஆகும் என்று அந்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் எழுதவில்லை. அவர்கள் ஏன் எழுத வேண்டும்? அவர்கள் ஊரில் குளிர்ந்தது, எழுதினார்கள். ராயபுரத்தில் ஒரு மஜீது இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியுமா?

அஜீசா சும்மா இருக்கவில்லை. "ஏங்க, மேல் மாடி ஹுமாயூன் பாய் போன வருசம் இந்த மாதிரி ஒண்ணு வாங்கினாரே. அவரை ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குங்களேன்."

"ஹுமாயூனா? அவனுக்கு இன்னா தெரியும்? ஒர்த்தன் சொல்றத கேக்கறதா, நூறு பேரு சொல்றத கேக்கறதா? நீ கம்முனு இரு."

பிராட்வேயில் நாலு கடை ஏறி இறங்கினார். அந்தப் பெட்டி ஒரு கடையிலும் இல்லை. "அது இங்க யாரும் கேக்கறதில்ல பாய்" என்றார்கள். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே பொறி தட்டியிருக்கும். மஜீதுக்கோ நம்பிக்கை இன்னும் கூடியது. ஏசி விற்காமல் போய்விடுமே என்று மறைக்கிறான்கள், திருட்டுப் பசங்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்து, நெட்டிலேயே டெல்லிக்கு ஆர்டர் போட்டார்.

கௌசரும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே பெட்டியும் வந்து இறங்கியது. அந்தக் கட்டடத்தில் யார் வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அன்றைக்குக் குழந்தையைப் பார்த்தவர்களைவிட கூலரைப் பார்த்தவர்கள் அதிகம். மஜீது பேத்திக்குக் காட்டாத பெருமையோடு பட்டனை அமுக்கிக் காட்டினார். முதல் அரைமணி நேரம் ஜிலுஜிலுவென்றுதான் இருந்தது. "ஊட்டியாட்டம் கீது!" என்று அவரே சொல்லி அவரே தலையாட்டிக்கொண்டார்.

மறுநாளே வீட்டின் லட்சணம் தெரிந்துவிட்டது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்தது. தீக்குச்சி பற்றவில்லை. அப்பளம் துணி மாதிரி மடிந்தது. குழந்தையின் துணி எதுவும் கொடியில் காயவே இல்லை, ஈரத்தோடுதான் மாற்ற வேண்டியிருந்தது. நாலு நாளில் புல் தட்டியிலிருந்து நனைந்த கோணி நாற்றம் கிளம்பியது. தரையெல்லாம் பிசுபிசுவென்று காலோடு ஒட்டியது.

"அத்தா, மேலெல்லாம் கசகசன்னு கீது. அத ஆஃப் பண்ணுங்களேன்" என்றாள் கௌசர்.

"பழகணும்மா. பழகினா சரியாப்பூடும். நாக்பூர்ல இன்னா எழுதிக்கிறாங்கன்னா..."

"நாம நாக்பூர்லயா குடியிருக்கோம்?" என்று அஜீசா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஹுமாயூன் குழந்தையைப் பார்க்க இறங்கி வந்தார். கூலரைப் பார்த்ததும் குழந்தையை மறந்துவிட்டார். "அட, எனுதும் இதே ஜாதிதான் பாய். ஒரே மாசம். காயலான் கடைல தூக்கிப் போட்டுட்டு வேற வேலையப் பாத்தேன்."

அஜீசா பொங்கிவிட்டாள். "ஏன் பாய், போன வருசம் கேட்டவங்ககிட்டல்லாம் சூப்பரா கீதுன்னு நீங்கதான சொல்லிகினு இருந்தீங்க? என் காதாலயே கேட்டேனே!"

ஹுமாயூன் தாடியைச் சொறிந்துகொண்டார். "இன்னா பண்றதும்மா? துட்ட குடுத்து வாங்கிட்டு, நான் ஏமாந்த சோணகிரின்னு நானே தம்பட்டம் அடிக்கணுமா?"

அவர் போன பிறகு மஜீது குதி குதியென்று குதித்தார். "பாத்தியா, இவனப் போய் கேக்கச் சொன்னியே! வாய் கூசாம பொய் சொல்லிக்கிறான். நெட்ல எழுதறவன் இப்டி சொல்வானா? அவனுக்கு இன்னா, மூஞ்சியா மொகரையா, யாருக்குப் பயந்து பொய் சொல்லணும்?"

அஜீசாவுக்கு நியாயம் என்னவோ அவர் பக்கம்தான் இருப்பது போலத் தெரிந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சல்.

இரண்டு நாள் கழித்து அந்த டெல்லிக் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. 'நீங்கள் வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது? உங்கள் கருத்து மற்றவர்களுக்கு உதவும்.' மஜீது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளதை உள்ளபடி எழுதி, ஒற்றை ஸ்டார் போட்டு, அவன் மானத்தை வாங்கிவிடுவது என்றுதான் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து டேபிள் ரஷீது எட்டிப் பார்த்தான்.

"இன்னா பாய், கூலர் ரிவ்யூவா? எப்டி கீது? ரெண்டு வாரமா அதப் பத்தியேதான பேசிகினு இருந்தீங்க."

"அதுக்கின்னா, ஃபஸ்ட் கிளாஸ்" என்றது மஜீதின் வாய்.

ரஷீது நகரவில்லை. மஜீது அஞ்சு ஸ்டாரை அமுக்கினார். வேறென்ன செய்வார்? ஆரம்பித்த பிறகு கை தானாக ஓடியது. 'கடலோரத்தில் வீடு. கைக்குழந்தை இருக்கிறது. இது வந்ததிலிருந்து குழந்தை கொடைக்கானலில் தூங்குவதுபோல் தூங்குகிறது. சென்னைக்காரர்கள் தயங்காமல் வாங்கலாம்.' பெயர் கேட்ட இடத்தில் 'கடலோரக்காரன், ராயபுரம்' என்று அடித்தார். ரஷீது, "சோக்கா எழுதறீங்க பாய்" என்றான். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அதைவிடப் பிடித்தது அப்புறம் நடந்தது. அவர் எழுதியது உபயோகமாக இருந்தது என்று முதல் நாள் நாலு பேர் அமுக்கினார்கள். பிறகு பத்து, அப்புறம் இருபதைத் தாண்டியது. இத்தனை வருஷ வாழ்க்கையில் மஜீதால் உபயோகம் என்று ஆபீசிலும் யாரும் சொன்னதில்லை, வீட்டில் சொல்லவே வேண்டாம். தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் இன்றைக்கு எத்தனை என்றுதான் முதலில் பார்த்தார். வீட்டில் பேத்தி மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஈரத்துலயா வச்சிருக்கீங்க?" என்பதுதான். உடனே இடத்தை மாற்றச் சொல்லிவிட்டாள். அன்று மத்தியானமே தௌசீஃப் கார் எடுத்துக்கொண்டு வந்தான். நாற்பதில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. காயாத துணிகளை அஜீசா அழுதுகொண்டே மடித்துப் பையில் வைத்தாள். கார் கிளம்பும்போது மஜீது கீழே இறங்கி வரவில்லை. கூலரின் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கேவலமாக இருந்தது அவருக்கு.

அதிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அஜீசா பேத்திக்குச் சட்டை துணியெல்லாம் கட்டிக் கொடுத்து, அவரை மட்டும் ரயில் ஏற்றி அனுப்பினாள். மீஞ்சூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. அவருக்குத் தெரிந்த சத்தம். கூடத்தில் ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தார்கள். நடுவில் அதே கூலர், இன்னும் பெரிய சைசில் உறுமிக்கொண்டிருந்தது. எதிரே கௌசர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் மூச்சு கர்கர்ரென்று இழுத்தது.

"வாங்க மாமு, வாங்க! பாத்தீங்களா?" என்று தௌசீஃப் பெருமையோடு எழுந்து வந்தான். "உங்க பீஸ்லதான் ஏதோ கோளாறு. நான் நெட்ல தேடிப் பாத்தேன். உங்க ராயபுரத்துலயே ஒர்த்தர், கடலோரம் வூடு, கைக்கொழந்த வேற வச்சிக்கிறாரு, அருமையா கீதுன்னு எழுதிக்கிறாரு. ஒடனே ஆர்டர் போட்டுட்டேன். முந்தாநாள் வந்துது."

மஜீதின் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தை இரண்டு தரம் தும்மியது.

"மொதல்ல அத நிறுத்துங்க மாப்ள. அந்தாளு பொய் சொல்றான்."

"உங்களுக்கு எப்டி தெரியும் மாமு? அம்பது பேருக்கு மேல உபயோகமா கீதுன்னு சொல்லிக்கிறாங்க. அவங்கல்லாம் இன்னா, கேனையா?"

மஜீது குழந்தையைப் பார்த்தார்.

"அந்தாளு நான்தான்."

தௌசீஃப் விழுந்து விழுந்து சிரித்தான். உள்ளேயிருந்து வந்த சம்பந்தியம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போங்க மாமு, உங்களுக்கு எப்பவும் தமாசு! உங்க வூட்லதான கொழந்த மூச்சு வுட முடியாம தவிச்சுது? அத கண்ணால பாத்துகினே, கொழந்த கொடைக்கானலாட்டம் தூங்குதுன்னு எந்தத் தாத்தாவாச்சும் எழுதுவானா?"

மஜீது என்ன சொல்வார்? எழுத மாட்டான் என்று சொல்வதா, எழுதினான் என்று சொல்வதா?

கௌசர் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த முகம்தானே, அதைப் படிக்க அவளுக்கு யாருடைய ரிவ்யூவும் வேண்டியிருக்கவில்லை. குழந்தையோடு எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள்.

"கெளம்புங்க அத்தா" என்றாள்.

மஜீது வந்து இன்னும் டீகூடக் குடித்திருக்கவில்லை.