தங்கையின் வலி

அக்குபஞ்சர் அறை திறந்த மூன்றாம் வருடம், நோயாளிகளின் உடம்பிலிருந்து இறங்கிய வலிகள் வெளியே போகாமல் அங்கேயே தங்கிவிட்டன. மூட்டுவலிகள் நாற்காலிகளுக்கு அடியில் சுருண்டுகொண்டன. ஒற்றைத் தலைவலிகள் ஜன்னல் கண்ணாடியில் படிந்ததால் அதன் வழியே தெருவைப் பார்த்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். ஊசி போடும் அக்காள் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். தொந்தரவு ஒன்றும் இல்லை. உரியவர் குணமாகக் குணமாக வலியும் இளைத்து, ஒருநாள் காணாமல் போய்விடும். அதே தெருவில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுபவர், மூலிகைக் கஷாயக்காரர், சர்க்கரை உருண்டை தரும் ஹோமியோபதி வைத்தியர், மூச்சுப் பயிற்சி சொல்லித்தருபவள் எல்லாரும் இருந்தார்கள். அவர்களிடம் இப்படி நடக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும், அக்காளின் கூடப்பிறந்த தங்கை, நாலு மாத வயிற்றுவலியோடு வந்து படுத்தாள். கஷாயம் குடித்து, எண்ணெய் தடவி, மணிக்கட்டில் காந்த வளையம் மாட்டி, எதற்கும் கேட்காமல் கடைசியில் அக்காளிடம் வந்திருந்தாள். ஏழு ஊசியில் வலி முழுசாக இறங்கியது. எழுந்து தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இறங்கிய வலி மூலையில் ஒதுங்கவில்லை. பூனை அளவில் இருந்த அது அறை நடுவில் நின்று வாசலையே பார்த்தது. மறுவாரம் நாய் அளவாயிற்று. மற்ற வலிகள் அலமாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன. மாதக் கடைசியில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, நோயாளிகள் சுவரோடு ஒட்டி நடக்கவேண்டியதாயிற்று. அக்காள் தங்கையைக் கூப்பிட்டனுப்பினாள். வலி வளர்கிறதென்றால் உள்ளே எதுவோ வளர்கிறது.

“ஒரு ஸ்கேன் எடுத்துடு” என்றாள்.

“வலியே இல்லையேக்கா. உன் கைராசி இருக்கறப்ப ஆஸ்பத்திரி எதுக்கு?”

“நான் வலியத்தான்டி எடுத்தேன். வேற எதையும் எடுக்கல.”

தங்கை காதில் வாங்கவில்லை. சட்டை தோளிலிருந்து நழுவுமளவுக்கு மெலிந்திருந்தாள். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

அக்காளுக்குப் பத்து நாள் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள், முதுகுக்குப் போடுகிறேன் என்று பொய் சொல்லித் தங்கையைக் கூப்பிட்டு, அதே ஏழு இடத்தில் ஊசியைக் குத்தி எதிர்ப்பக்கம் திருகினாள். வலி ஒரே எட்டில் கட்டிலேறி உள்ளே போயிற்று. தங்கை போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது.

“என்னக்கா பண்ணின?” என்று மட்டும் கேட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அக்காளின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

குடலில் புற்றுக்கட்டி. “இவ்வளவு பெரிசா இருக்கு, வலி தெரியாம எப்படி இருந்தாங்க?” என்றார் அதை அறுத்தெடுத்த டாக்டர். அக்காள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். இன்னும் சில வாரம் போயிருந்தால் கத்தி வைத்தும் பயன் இருந்திருக்காது என்றார்.

தங்கை இரண்டு மாதம் அக்காளிடம் பேசவில்லை. கீமோ தொடங்கியதும் ஓயாத வாந்தி. மருந்தை நிறுத்தக்கூடாது, கூடவே அக்குபஞ்சர் ஊசியும் போட்டுக்கொண்டால் சிலருக்குக் குமட்டல் குறைகிறது என்றார் டாக்டர். அன்றே தங்கை அக்காளுக்கு ஆள் அனுப்பினாள். அக்காள் வார்டுக்குள் தயங்கித் தயங்கி வந்தபோது, தங்கை படுத்தபடியே கையை நீட்டினாள்.

“குமட்டல மட்டும் எடு. வலிய விட்டுடு, அது எங்கிட்டயே இருக்கட்டும்.”

குமட்டல் இறங்கி, உட்கார இடம் தேடியது. பக்கத்துக் கட்டில்காரி தன் பையை நகர்த்தி அதற்கு இடம் விட்டாள்.