தூக்கத் தெரிந்தவர்கள்

அண்ணன்காரர் வீட்டுக்குள் வந்ததும் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பதினோரு வருடமாக எட்டிப் பார்க்காத வீட்டில், செத்துக் கிடந்த தம்பியைத் தாண்டிப் போய், ஆணியில் தொங்கிய போட்டோவைக் கழற்றி, அலமாரியைத் திறந்து துணிகளுக்கு அடியில் குப்புறச் செருகினார். அதற்குப் பிறகுதான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் வந்ததா என்பது அவருக்கும் கைக்குட்டைக்கும்தான் தெரியும்.

மூலையில் நின்று குட்டையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். செத்துப்போனவன் நெட்டையன், நடனக்காரன், ஆறடி இரண்டு அங்குலம். கட்டடத்தில் இருந்தவர்கள் கேலிக்கு வைத்த பெயர்கள்தான் இரண்டும். இவர்கள் இருவரும் அதையே ஒரு அட்டையில் அழகாக எழுதி வாசல் கதவில் ஒட்டிக்கொண்டார்கள். பதினோரு வருடம் ஒரே அடுப்பு, ஒரே படுக்கை, தினம் ஒரு சண்டை. முந்தாநாள் சாயங்காலம் ஒத்திகைக்கு நடுவே தண்ணீர் குடிக்க உட்கார்ந்த நெட்டையன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

"தம்பி, நீங்க அவனோட ஃபிரெண்டுதானே," என்றார் அண்ணன்காரர். "சொந்தக்காரங்க வர்ற நேரம். கொஞ்சம் வெளிய நில்லுங்க."

குட்டையன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். வெளியே நிற்கச் சொன்னால் நிற்கிறேன், யார் என்ன சொன்னாலும் வாய் திறக்க மாட்டேன், தூக்கும்போது மட்டும் என் தோளுக்கும் இடம் கொடுங்கள் என்றான்.

"ரத்த சொந்தம்தான் தூக்கணும். அதுதான் முறை."

ரத்த சொந்தத்துக்கு இந்த வீடு எந்த மாடி என்பதே அன்று காலையில்தான் தெரிந்தது. கூட வந்த அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெரிய மகன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே கழுத்து பழகிப்போனவள்.

வெளியே மாடிப்படியில் நெட்டையனின் ஆட்டக் குழு நின்றது. முடி வெட்டும் கடை நடத்தும் திருநங்கை சலூன் அக்கா. வீட்டுக்காரர் அக்கா தங்கச்சி என்று நம்பி வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு பெண்கள். பஸ் டிரைவர் ஒருவன், அவனோடு வாழும் ஆஸ்பத்திரி ஊழியன் ஒருவன். மேலே ஏறி வந்த மாமாவும் சித்தப்பாவும் மாப்பிள்ளையும் அவர்கள்மேல் சட்டை பட்டுவிடாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனார்கள். ஏதோ ஒட்டுவாரொட்டி என்று நினைப்பு.

ஐந்து வருடத்துக்கு முன் ஓடும் பஸ்ஸிலிருந்து ஒருவன் சலூன் அக்காவைக் கீழே தள்ளிவிட்டான். நடுரோட்டில் கால் முறிந்து கிடந்தவளைச் சுற்றி நின்று நூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். தூக்க ஒரு கை வரவில்லை. அந்த ஆத்திரத்தில் நெட்டையன் ஓர் ஆட்டம் அமைத்தான். பாட்டில்லை, நகையில்லை, முகத்தில் பூச்சில்லை. யார் வேண்டுமானாலும் எந்த நொடியிலும் விழுவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தூக்க வேண்டும். எண்ணிக்கை சொல்லக் கூடாது, மூச்சைக் கேட்டுத் தூக்க வேண்டும். தூக்கியவர் தானாக இறக்கி வைக்கக் கூடாது. இன்னொருவர் வந்து எடையை வாங்கிக்கொண்டால்தான் விலகலாம். ஆறடி நெட்டையனை ஐந்தடிக் குட்டையன் தோளில் தாங்கும் இடத்தில் அரங்கமே மூச்சடக்கும். அலமாரிக்குள் குப்புறக் கிடந்த போட்டோ அதுதான்.

அந்த ஆட்டத்துக்கு அண்ணன்காரருக்கும் ஒருமுறை டிக்கெட் போனது. வந்தார். பாதியில் எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "ஆம்பளையை ஆம்பளை தூக்குறதுக்குப் பேரு டான்ஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நெட்டையன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சலூன் அக்காதான் அதைச் சிரிப்பாக மாற்றினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஒத்திகையும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தது.

மணி பத்துக்குப் பெட்டியோடு சவ வண்டி வந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம், ஓர் ஆள் இறங்கினால் இன்னோர் ஆள் ஒதுங்க வேண்டிய படி. பெட்டி முதல் திருப்பத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. பெட்டி தெருவிலேயே இருக்கட்டும், உடலைத் துணியில் வைத்துக் கொண்டுவாருங்கள் என்றான் வண்டிக்காரன். அம்மா போர்வை எடுக்க அலமாரியைத் திறந்தாள். வெகுநேரம் அதன்முன் நின்றாள்.

நாலு பேர் போர்வையின் நாலு முனையைப் பிடித்தார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று வாழ்ந்த பரம்பரை. அண்ணன்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மாமா இரண்டிலேயே தூக்கினார். மாப்பிள்ளை மூன்று முடிந்து யோசித்துத் தூக்கினார். சித்தப்பா தூக்கவே இல்லை, பிடித்துக்கொண்டு மட்டும் வந்தார். முதல் திருப்பத்தில் போர்வை நழுவியது. நெட்டையனின் தலை சுவரில் மோதப்போன இடத்தில் ஒரு கை வந்து ஏந்தியது. குட்டையனின் கை.

யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மாடிப்படியில் நின்ற குழுவின் ஐந்து பேரும் ஒரு மூச்சு இழுத்தார்கள், அவ்வளவுதான். ஒருத்தி முதுகைக் கொடுத்தாள், ஒருவன் இடுப்பை வாங்கினான், சலூன் அக்கா முறிந்து கூடிய காலை ஊன்றிக் கீழ்ப்படியில் நின்றாள். தலையும் தோளும் குட்டையனிடம் வந்தன. அவனுக்குத் தெரிந்த எடை. மூன்று மாடியும் நெட்டையன் ஒரு சுவரிலும் உரசாமல் இறங்கினான். ரத்த சொந்தம் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்தது.

தெருவுக்கு வந்ததும் அண்ணன்காரருக்கு மூச்சு திரும்பியது. கூடவே முறையும் திரும்பியது. வேடிக்கை பார்க்க ஆள் வேறு கூடியிருந்தது.

"போதும்பா. பெட்டியில வச்சிட்டுக் கிளம்புங்க. வண்டியில குடும்பம் மட்டும்தான்."

குட்டையன் குனியவில்லை. ஆறு பேரும் தோள் உயரத்தில் நெட்டையனைத் தாங்கியபடி அசையாமல் நின்றார்கள்.

"வாங்கிக்குங்கண்ணே," என்றான் குட்டையன். "நீங்க தோள் குடுத்தா நாங்க விலகிடறோம்."

அண்ணன்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா செருப்பைத் தேடினார். மாப்பிள்ளைக்கு மணி அடிக்காமலேயே போன் வந்துவிட்டது. அண்ணன்காரரின் கைகளும் சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

"ஆம்பளையை ஆம்பளை தூக்குறதுக்குப் பேரு என்னண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள் சலூன் அக்கா. இந்த முறை குழுவில் யாரும் சிரிக்கவில்லை.

அம்மா படியிறங்கி வந்தாள். கக்கத்தில் அந்த போட்டோ இருந்தது, படம் வெளிப்பக்கமாக.

"வழிய விடுடா," என்றாள் பெரிய மகனிடம்.

மயானம் இரண்டு தெரு தள்ளித்தான். ஆறு பேரும் ஒரு மூச்சு இழுத்து நடந்தார்கள். அம்மா குட்டையனுக்குப் பக்கத்தில் நடந்தாள்.

வண்டிக்காரனுக்கு வந்த வேலை முடிய வேண்டும். காலிப் பெட்டியை ஏற்றினான். அதற்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் என்று ரத்த சொந்தம் ஏறி உட்கார்ந்தது. கதவைச் சாத்தினான். முறை இம்மியும் பிசகவில்லை. வண்டியில் குடும்பம் மட்டும்தான் போனது.