கனிமொழி அத்தை வீட்டில் எங்கள் பிரிட்ஜ்

படிப்புக்கு உதவும் அறக்கட்டளையிலிருந்து வீடு பார்க்க வருவதற்குள் பிரிட்ஜை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று சொன்னவர் ராஜ்குமார் அண்ணன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுத்து, விண்ணப்பமும் எழுதித் தருகிறவர். எனக்கு வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் போய்விடும். அறக்கட்டளை தந்தால்தான் உண்டு.

"பிரிட்ஜப் பாத்தா வசதியான வீடுன்னு எழுதிடுவாங்க சுடர்விழி. போன வருஷம் ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் கைவிட்டுப் போச்சு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என்ன, யாராவது கொடுத்த சீதனமா? அப்பா இறந்த பிறகு அம்மா நடவுக்குப் போய்ச் சேர்த்த காசில் பழைய பிரிட்ஜாக வாங்கி, இட்லி மாவு வைத்து விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஆனால் இடம் முக்கியம். அம்மா, அண்ணன், நான் மூன்று பேருமாக அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக் கனிமொழி அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு வந்தோம். பிரிட்ஜ் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அம்மா அதன்மேல் பாயை விரித்தாள்.

அறக்கட்டளையின் பரணிதரன் தாராசுரத்திலிருந்து பைக்கில் வந்தார். நல்ல மனிதர்தான். அந்தப் பாயில் உட்கார்ந்தே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். டிவி? அரசாங்கம் கொடுத்தது. வண்டி? சைக்கிள். பிரிட்ஜ்?

"இல்லைங்க" என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

பிறகு என்னைக் காரை பெயர்ந்த சுவரோரம் நிற்கச் சொல்லிப் போனை எடுத்தார்.

"சிரிக்காம நில்லும்மா. பாக்கிறவங்களுக்கு மனசு இளகணும்."

அம்மா எழுந்துவிட்டாள்.

"இருங்க தம்பி, குடிக்கத் தண்ணி தரேன்" என்று வாசலுக்குப் போனவள், தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். "கனிமொழி, எங்க பிரிட்ஜ்லேர்ந்து ஒரு பாட்டில் தண்ணி கொண்டாடி."

கூட இருந்த ராஜ்குமார் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எம்மவ பொய் சொன்னா. சொல்ல விட்டது நானு" என்றாள் அம்மா பரணிதரனிடம். "அத அடிச்சிட்டு எழுதுங்க. பிரிட்ஜ் ஒண்ணு இருக்கு. இவளப் படிக்க வச்சதே அதுதான். எங்ககிட்ட இல்லாதது காலேஜுக்குக் கட்டுற பணம் மட்டுந்தான்."

"இத எழுதினா கமிட்டியில என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியாதும்மா."

"என்ன வேணா சொல்லட்டும். உழைச்சு வாங்கின பொருள எதுக்குத் தம்பி ஒளிக்கணும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. பரணிதரன் பேனாவை எடுத்து அடித்தார், திருத்தி எழுதினார்.

பட்டப்பகலில், தெருவே வேடிக்கை பார்க்க, பிரிட்ஜைத் திரும்பத் தூக்கி வந்தோம். ஒரு முனையைப் பரணிதரனும் பிடித்தார். அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டுதான் படம் எடுக்கச் சம்மதித்தேன். பல் அத்தனையும் தெரியச் சிரித்தேன்.

வியாழக்கிழமை பணம் வந்தது. வராமல் போயிருந்தாலும் அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன்.